ஜெயஷீலா வாங்கி வந்த பிளக்

விமான நிலையத்திலிருந்து வந்து குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே ஜெயஷீலா பெரிய பெட்டியைத் திறந்தாள். மேலே அடுக்கியிருந்த துணிகளையும் சாக்லேட் டப்பாக்களையும் ஒதுக்கினாள். அடியில் ஒரு கம்பளிச் சட்டைக்குள் சுற்றி வைத்திருந்த பொட்டலத்தை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள்.

"நீங்க கேட்டது. பிளக்கும் ப்ராப்பும்."

அருமைநாயகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்தார். சின்ன அட்டைகளில் குத்தியிருந்த, மாதிரி விமான இஞ்சினுக்கான குளோ பிளக்குகள் நான்கு. மரத்தில் செய்த ப்ரொப்பெல்லர்கள் மூன்று, புது மரத்தின் வாசனையோடு. அட்டையில் இருந்ததைப் படித்தார். பிளக்குகள் சூடு குறைந்த ரகம். ப்ரொப்பெல்லர்கள் பதினோரு அங்குலம். அவர் கேட்டிருந்தது சூடு கூடிய பிளக்கும் பத்து அங்குல ப்ரொப்பெல்லரும். இரண்டும் தப்பு. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். இரண்டரை வருடம் கழித்துப் பார்க்கிற முகம், கன்னம் ஒட்டியிருந்தது. "நல்லது" என்று மட்டும் சொல்லிப் பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

அருமைநாயகத்துக்குச் சொந்த ஊர் பாறசாலை. அரசு பாலிடெக்னிக் ஒன்றில் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர். வருகிற மே மாதம் ஓய்வு. திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்தில் ஐ.டி. பார்க்குக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்தார். ஜெயஷீலா நர்ஸ். மகன் விஜின் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அயர்லாந்துக்கு வேலைக்குப் போனவள். கார்க் நகரத்தில் ஒரு முதியோர் இல்லம். இரண்டு வருடத்தில் திரும்புவதாகச் சொல்லிப் போனது நீண்டுகொண்டே வந்தது. பிளஸ் டூ முடிந்ததும் விஜினும் அம்மாவிடம் படிக்கப் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அருமைநாயகம் மட்டும்தான். சுற்றிலும் சாஃப்ட்வேர் கம்பெனிப் பிள்ளைகள். லிஃப்டில் பார்த்தால் சிரிப்பார்கள். ஆறு மாதம் கழிந்தால் அதே லிஃப்டில் வேறொரு முகம் சிரிக்கும்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் சின்ன மாதிரி விமானம். ரேடியோவில் இயக்குகிற விமானம் அல்ல; கம்பியில் கட்டிப் பறத்துகிறது. பறத்துகிறவர் ஒரு மைதானத்தின் நடுவில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கைப்பிடியிலிருந்து தலைமுடி போல மெல்லிய இரண்டு எஃகுக் கம்பிகள் விமானத்தின் இறக்கைக்குப் போகும். இஞ்சின் ஓட, விமானம் அவரைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். அவரும் கூடவே சுற்ற வேண்டும். மணிக்கட்டை மேலே சாய்த்தால் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். டேங்கில் எண்ணெய் தீரும்வரை நிற்கவும் முடியாது, கைப்பிடியை விடவும் முடியாது.

இதற்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நடுவில் நிற்க, இன்னொருவர் வட்டத்தின் ஓரத்தில் ஓடுகிற இஞ்சினோடு விமானத்தைப் பிடித்துக்கொண்டு, கை காட்டியதும் விட வேண்டும். அருமைநாயகத்துக்கு நயினார் என்றொரு நண்பர் இருந்தார். அவர் கோயம்புத்தூருக்கு மாறிப் போனபின் வேறு ஆளைத் தேடவில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஒரு இரும்பு முளை செய்து, அதில் ஒரு கொக்கி வைத்தார். முளையை மண்ணில் அறைந்து விமானத்தின் வாலைக் கொக்கியில் மாட்டிவிட்டு, ஒரு நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவுக்கு வருவார். கயிற்றை இழுத்தால் கொக்கி விடுபட்டு விமானம் ஓடும். ஆள் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், கடற்காற்று எழும்புவதற்கு முன்னால், கடலுக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு பழைய மைதானத்துக்குப் போவார். அந்த நேரம் கார்க்கில் ஜெயஷீலா நைட் டியூட்டியில் இருப்பாள். கிழவர்களும் கிழவிகளும் உறங்கியபின் கூப்பிடுவாள். சாப்பிட்டீர்களா, மழை உண்டா, விஜின் பணம் கேட்டானா என்று பேச்சு போகும். பேச ஒன்றும் இல்லாமல் ஆகிவிட்டால் அவர் ஃபோனைக் காரின் மேல் வைத்துவிட்டு இஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பார். திரும்பி வந்து எடுத்தால் லைன் இருக்கும். அவள் வைத்திருக்க மாட்டாள். அதை அவர் பெரிதாக நினைத்ததில்லை.

இப்போது அவள் ஆறு வார லீவில் நேரில் வந்திருந்தாள். முதல் சில நாட்கள் இருவருக்குமே கூச்சமாக இருந்தது. அவர் ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று பழகியிருந்தார். சாப்பாட்டு மேசையில் பாதிக்கு மேல் மர உருளைகளும் பசை டப்பாக்களும் இருந்தன. அவள் எதையும் நகர்த்தவில்லை. ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒருநாள் மாலை வேலை முடிந்து வரும்போது அவளிடம் சொல்ல ஏதோ ஞாபகம் வந்து, காரை ரோட்டோரம் நிறுத்தி ஃபோனில் கூப்பிட்டார். நன்றாகப் பேசினார்கள். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் இருவருக்கும் பேச்சு நின்றுபோயிற்று. அவள் காப்பி போட எழுந்து போனாள். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, மாட்டிய சட்டையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தனியாக இருந்தபோதுகூட இப்படி ஒரு தனிமை அந்த வீட்டில் இருந்ததில்லை என்று தோன்றியது.

முதல் ஞாயிறு அவள் பாறசாலையில் அக்காள் வீட்டுக்கும் அப்படியே கோயிலுக்கும் போனாள். அவர் மைதானத்துக்குப் போனார். அவள் வாங்கி வந்ததை ஒருமுறையாவது போட்டுப் பார்க்காமல் குறை சொல்லக்கூடாது என்று, பழைய பிளக்கைக் கழற்றிவிட்டுப் புதியதை முடுக்கினார்.

குளோ பிளக் என்பது கார் பிளக் போல ஓயாமல் பொறி விடுகிற சாமான் அல்ல. உள்ளே தலைமயிர் கனத்தில் ஒரு பிளாட்டினச் சுருள். கிளம்பும்போது மட்டும் பேட்டரியைத் தொடுத்துச் சுருளைச் சிவக்க வைக்க வேண்டும். இஞ்சின் பிடித்தபின் பேட்டரியை எடுத்துவிடலாம். உள்ளே எரிகிற சூட்டிலேயே சுருள் தன்பாட்டுக்குக் கனன்றுகொண்டிருக்கும். எந்த எண்ணெயை எரிக்கிறோமோ அதற்கேற்ற பிளக் வேண்டும். நைட்ரோ கலந்த எண்ணெய் காரமாக எரியும். அதற்குச் சூடு குறைந்த பிளக் போதும். இங்கே நைட்ரோ கிடைப்பது பெரும்பாடு. அருமைநாயகம் மெத்தனாலில் ஆமணக்கெண்ணெய் மட்டும் கலந்து ஓட்டுகிறவர். அந்த எண்ணெய்க்குச் சூடு கூடிய பிளக்தான் அணையாமல் நிற்கும்.

மற்றது அணைந்துவிடும். அன்று நடந்ததும் அதுதான். பேட்டரி இருக்கும்வரை இஞ்சின் ஒழுங்காகப் பாடியது. எடுத்ததும் சத்தம் கம்மி, இரண்டு விக்கு விக்கி நின்றது. பதினோரு அங்குல ப்ரொப்பெல்லரோ அதற்குப் பெரும் சுமை. திருவனந்தபுரத்துக் காற்று வெக்கையும் ஈரமும் சேர்ந்தது. இஞ்சினுக்கு அதில் பலம் குறைவு. பத்து அங்குலத்தை இழுப்பதே பாடு. வியர்வை வழிய வழிய ப்ரொப்பெல்லரைச் சுண்டிச் சுண்டி விரல் சிவந்ததுதான் மிச்சம்.

அவள் திரும்பி வந்தபின், இரவு சாப்பிடும்போது சொல்லிவிட்டார். "அந்தப் பிளக்கு கொள்ளாது. ப்ரொப்பெல்லரும் கொள்ளாது. நான் சொன்னதை ஒண்ணு எழுதி வச்சிருந்தா மதியே."

ஜெயஷீலா அவருக்கு மீன் குழம்பு விட்டுக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. கடையில் நீங்கள் சொன்னது இல்லை, ஃபோன் செய்து பார்த்தேன், நீங்கள் எடுக்கவில்லை, பிறகு கேட்டு வாங்கினேன் என்றாள். ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓடும்போது ஃபோன் மேசை டிராயரில் கிடக்கும். அது அவளுக்கும் தெரியும். யாரிடம் கேட்டாய் என்று அவர் கேட்கவில்லை. கடைக்காரனிடம் கேட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். நாலு பிளக்கையும் பழைய டப்பா ஒன்றில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

அடுத்த வாரம் அவள் பால்கனியைக் கழுவும்போது, மூலையில் கிடந்த இரும்பு முளையையும் கயிற்றையும் எடுத்து வந்து இது என்ன என்று கேட்டாள். அவர் விளக்கினார். தானே வடிவமைத்தது என்பதில் சற்றுப் பெருமையும் இருந்தது. ஆளே வேண்டாம், எவனையும் விடியக்காலம் எழுப்பி வா வா என்று கெஞ்ச வேண்டாம் என்றார். அவள் கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள்.

லீவு பாதி தாண்டியபோது, வந்த காரியத்தை அவள் எடுத்தாள். அங்கே குடியுரிமை கிடைத்துவிட்டது. சின்னதாக ஒரு வீடு பார்த்திருக்கிறாள். விஜின் படிக்கப் போன டப்ளினிலேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டான். மே மாதம் ஓய்வு பெற்றதும் அவர் அங்கே வந்துவிட வேண்டும். அருமைநாயகம் பென்ஷன் பேப்பர் நகர நாளாகும் என்றார், பாறசாலை நிலத்தை யார் பார்ப்பது என்றார், தனக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்றார். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. அவர் மனதில் இருந்ததை மட்டும் சொல்லவில்லை. அவளுக்கு அங்கே வேலை, ஆட்கள், வழி எல்லாம் உண்டு. தான் போனால் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் எப்போது வருவாள் என்று பார்க்கிற ஆளாகத்தான் இருப்போம். இங்கே தனியாக இருந்தாலும் காலையில் எங்கே போக வேண்டும் என்று தெரியும். அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. "பாப்போம்" என்றார். அவள் "செரி" என்றாள்.

லீவு முடிய இரண்டு ஞாயிறுகள் இருந்தன. விடியற்காலை அவர் விமானத்தைக் காரில் ஏற்றும்போது, சுடிதாரும் கேன்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு அவள் இறங்கி வந்தாள். நானும் வருகிறேன் என்றாள். மைதானத்தில் இரவு மழையின் ஈரம் இருந்தது. அவர் பழைய பிளக்கையே போட்டார். நல்ல நிலையில் இருந்த கடைசிப் பிளக் அது. ப்ரொப்பெல்லரும் பழைய பத்து அங்குலம். முளையை அறைய சுத்தியலை ஓங்கும்போது அவள் தடுத்தாள்.

"அது வேண்டாம். நான் பிடிக்கியேன்."

பழக்கம் இல்லாதவர்கள் பிடிக்கக்கூடாது, கையில் அடிபடும் என்றார். அவள் விமானத்தின் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் அரைமனதோடு இஞ்சினைக் கிளப்பி, பேட்டரியை எடுத்துவிட்டு, நடுவுக்கு நடந்து கைப்பிடியை எடுத்தார். திரும்பிப் பார்த்தார். இரண்டு இறக்கையும் மட்டமாக இருந்தன. மூக்கு வட்டத்துக்கு வெளியே ஒரு நூல் அளவு சாய்ந்திருந்தது. கம்பிகள் விறைப்பாக இருந்தன. அவர் கையை உயர்த்தினார்.

அவள் விட்டாள். தள்ளவில்லை. புது ஆட்கள் எல்லோரும் ஒரு தள்ளு தள்ளுவார்கள்; விமானம் கோணிப்போகும். அவள் கையை மட்டும் விரித்தாள். விமானம் ஓடி எழும்பியதும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்காமல் குனிந்தபடியே பின்வாங்கி, அது ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் வட்டத்துக்கு வெளியே போய்விட்டாள். நயினார்கூட அதைப் பழக ஒரு மாதம் எடுத்தார்.

இவள் இதற்கு முன்னால் பிடித்திருக்கிறாள் என்று அருமைநாயகத்துக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. ஒருமுறை இரண்டுமுறை அல்ல, பலமுறை. எங்கே? யாருடைய விமானத்தை? உடனே கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்க முடியாது. டேங்க் நிறைய எண்ணெய் இருந்தது. இஞ்சின் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. அவர் சுற்றிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் அவள் ஒருமுறை வந்து போனாள்: காருக்குப் பக்கத்தில், துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, முகத்தை அண்ணாந்து வைத்திருந்தாள். வீட்டில் ஒருநாளும் அவர் பார்க்காத ஒரு நிம்மதி அந்த முகத்தில் இருந்தது.

பறத்தும்போது விமானத்தை மட்டும்தான் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கிறவரை தலை சுற்றாது. அன்று அவர் விமானத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். கண்முன்னே மரமும் காரும் அவளும் சேர்ந்து ஒரே இழுப்பாக ஓடின. தலை கிறுகிறுத்தது. கை தன்னையறியாமல் தாழ்ந்தது. விமானம் புல்லை உரசுகிற உயரத்துக்கு இறங்கியதை வெகு தாமதமாகக் கண்டு மணிக்கட்டை மேலே வெட்டினார். எழும்பிவிட்டது. எண்ணெய் தீர்ந்து இஞ்சின் நின்று, விமானம் சத்தமில்லாமல் வழுக்கி வந்து தரை தொட்டது. அவர் அப்படியே புல்லில் உட்கார்ந்தார்.

அவள் தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். குடித்துவிட்டுத்தான் கேட்டார்.

"எங்க படிச்சே?"

அவள் மறைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நர்ஸ் நோயாளியின் வீட்டாரிடம் சொல்கிற நிதானத்தோடு சொன்னாள். போன வருடத்துக்கு முந்தின வருடம், விஜின் படிப்புக்காக டப்ளினுக்குப் போன புதிது. ஒரு ஞாயிறு நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். ஒரு விளையாட்டு மைதானத்தைத் தாண்டும்போது இந்தச் சத்தம் கேட்டது. ஃபோனில் கேட்கிற அதே சத்தம். அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்தாள். நாலைந்து வயசானவர்கள் கம்பியில் விமானம் பறத்திக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு வெளியே நின்று கேட்டாள். அடுத்த ஞாயிறும் போனாள். டெர்மட் என்று ஒருவர், எழுபது தாண்டியவர். அவருக்குப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த மனைவி இறந்துபோயிருந்தாள். பிடிக்கிறாயா என்று இவளைக் கேட்டார். பிடித்தாள். மழையில்லாத ஞாயிறெல்லாம் பிடித்தாள். பிளக்கும் ப்ரொப்பெல்லரும் அந்த டெர்மட்டிடம் கேட்டு வாங்கியதுதான். அவரிடமும் இதே அளவு இஞ்சின்.

அருமைநாயகம் கேட்டுக்கொண்டிருந்தார். கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. தான் இங்கே கயிறு கட்டிய முளையோடு நின்ற ஞாயிறுகளில் இவள் கடலுக்கு அப்பால் முன்பின் தெரியாத ஒருவருடைய விமானத்தைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்திருக்கிறாள்.

"எனக்கிட்ட ஒரு வாக்கு சொல்லலாமில்லியா?"

ஜெயஷீலா புல்லைக் கிள்ளி எறிந்தாள்.

"சொன்னா நீங்க என்ன கேப்பிய? என்ன இஞ்சின், எத்தற இஞ்ச் ப்ராப், என்ன எண்ணெய்ன்னு கேப்பிய. நான் எதுக்கு அங்க போய் நின்னேன்னு கேக்க மாட்டிய."

இப்போது கேட்கலாமா என்று அவர் யோசித்தார். காலம் கடந்து கேட்பது போல இருந்தது. பிளக் அங்கே ஏன் நிற்கும், இங்கே ஏன் நிற்காது என்பதுதான் வாயில் வந்தது. அங்கே நைட்ரோ உண்டு, குளிர்ந்த காற்று கனமானது, அதில் பெரிய ப்ரொப்பெல்லரும் இழுக்கும். அந்த மனுஷன் சொன்னது அங்கே சரிதான் என்றார்.

"அப்பம் அங்க வந்து பறத்துங்க" என்றாள் அவள். எழுந்து பின்புறத்துப் புல்லைத் தட்டிவிட்டுக் காரை நோக்கி நடந்தாள்.

அந்த வாரம் அருமைநாயகம் மாலைகளில் பாலிடெக்னிக்கிலிருந்து தாமதமாக வந்தார். ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் போனபின் இஞ்சினின் தலையைக் கழற்றினார். தலைக்கும் சிலிண்டருக்கும் நடுவே வெள்ளித்தாள் போல மெல்லிய வளையங்கள் இரண்டு இருக்கும். ஒன்றை எடுத்துவிட்டால் உள்ளே இடம் குறுகும், அழுத்தம் கூடும், சூடும் கூடும். நைட்ரோ இல்லாத எண்ணெயிலும் சூடு குறைந்த பிளக் ஒருவேளை அணையாமல் நிற்கலாம். இஞ்சின் தட்டி உடையவும் கூடும். இத்தனை வருடம் அந்த இஞ்சினுக்கு ஏற்ற பிளக்கைத் தேடியவர், முதல்முறையாக ஒரு பிளக்குக்காக இஞ்சினைத் திறந்தார். வளையத்தை எடுத்துவிட்டுப் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக மெல்ல முடுக்கினார். பிறகு அவள் கொண்டுவந்த ப்ரொப்பெல்லர்களில் ஒன்றை எடுத்து, இரண்டு நுனியிலும் அரை அங்குலம் அறுத்தார். நுனியை உருட்டி, உப்புத்தாள் போட்டு, நடுத் துளையில் ஒரு கம்பியைச் செருகித் தூக்கிப் பார்த்தார். ஒரு பக்கம் தாழ்ந்தது. தாழ்ந்த பக்கத்தைத் தேய்த்தார். மறுபடி தூக்கினார். எந்தப் பக்கமும் சாயாமல் அது படுக்கையாக நிற்கிறவரை, கேட் பூட்ட வந்த வாட்ச்மேன் வாசலில் சாவியை ஆட்டிக்கொண்டு காத்து நின்றார்.

கடைசி ஞாயிறு அவளைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவளே தயாராக இருந்தாள். முளையை அவர் காரிலிருந்து எடுக்கவில்லை. அவள் மண்டியிட்டபோது ப்ரொப்பெல்லரைக் கவனித்தாள். அறுத்த நுனியில் புது மரம் வெள்ளையாகத் தெரிந்தது. கடை முத்திரை பாதியோடு போயிருந்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் பேட்டரி வயரை ஒழுங்குபடுத்துவதில் மும்முரமாக இருப்பது போல இருந்தார்.

மூன்றாவது சுண்டில் இஞ்சின் பிடித்தது. பேட்டரியை எடுக்கும் முன் அவர் கை ஒரு கணம் தயங்கிற்று. எடுத்தார். சத்தம் ஒரு படி இறங்கியது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். இறங்கிய சத்தம் அங்கேயே நின்றது. கரகரப்பு இருந்தது; பழைய பிளக்கின் சுத்தமான பாட்டு இல்லை. ஆனாலும் அணையவில்லை.

அன்று விமானம் மந்தமாகத்தான் பறந்தது. மேலே தூக்கினால் மூச்சுவாங்கியது. அவர் வித்தை ஒன்றும் காட்டாமல் தோள் உயரத்தில் நேராகச் சுற்றவிட்டார், விமானத்தை மட்டும் பார்த்துக்கொண்டு. கரைக்காற்று அடங்கி மைதானம் அசையாமல் கிடந்தது. அவள் வெளியே நிற்கிறாள் என்று தெரிந்திருந்ததே போதுமாக இருந்தது. இறங்கியதும் அவள் ஓடிப்போய் விமானத்தைத் தூக்கினாள். சூடான சிலிண்டரில் விரல் பட்டுக் கையை உதறினாள். அவர் வாங்கிப் பார்த்தார். விரல் நுனி சிவந்திருந்தது. கொப்புளம் வராது என்று சொன்னவர், அந்தக் கையை உடனே விடவில்லை. நாற்பதுகளின் கடைசியில் இருந்த அந்தக் கை, சோப்பிலும் மருந்திலும் ஊறி ஊறி, தோல் வெடித்துக் கிடந்தது. அதை அவர் இந்த ஆறு வாரத்தில் இப்போதுதான் பார்த்தார்.

"நீ எதுக்கு அங்க போய் நின்னே?" என்று கேட்டார்.

"ஞாயிற்றுக்கெழமை எனக்குப் போக வேற எடமில்ல" என்றாள்.

இருவரும் கம்பிகளைச் சுருட்டினார்கள். வரும்வழியில் மீன் வாங்கினார்கள்.

புதன்கிழமை காலை விமானத்துக்கு அவள் கிளம்பினாள். விமான நிலைய வாசலில் வண்டி நிறுத்த விடமாட்டார்கள். பெட்டியை இறக்கித் தள்ளுவண்டியில் வைப்பதற்குள் போலீஸ்காரர் விசிலடித்தார். போய்ச் சேர்ந்து கூப்பிடுகிறேன் என்றாள். அவர் தலையாட்டினார். அவள் கண்ணாடிக் கதவைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தாளா என்று அவருக்குத் தெரியாது. பின்னால் நின்ற டாக்சிக்காக வண்டியை எடுக்க வேண்டியதாயிற்று.

அன்று லீவு போட்டிருந்தார். வீட்டுக்கு வந்து அவள் துவைத்துப் போட்டிருந்த துணிகளை மடித்தார். சாப்பாட்டு மேசையில் அவள் உட்கார்ந்த ஓரம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் எதையும் வைக்க மனம் வரவில்லை. மூன்று மணிபோல வானம் கறுத்து, ஐப்பசியில் பெய்கிற துலாமாத மழை தொடங்கியது. அபுதாபியில் அடுத்த விமானத்துக்காக அவள் காத்திருக்கிற நேரம். அவள் கூப்பிடுவதற்குக் காத்திராமல் இவரே கூப்பிட்டார்.

பக்கத்து இருக்கையில் கைக்குழந்தை அழுததையும், காப்பி வாயில் வைக்க முடியாமல் இருந்ததையும், கால் வீங்கியதையும் சொன்னாள். அவர் கேட்டார். மழை பெய்கிறது என்றார். எங்கே, பால்கனிப் பக்கமா என்றாள். ஆமாம் என்றார். ஒன்றுமில்லாததைப் பற்றி இருவரும் வெகுநேரம் பேசினார்கள். பிறகு அவர் சொன்னார்:

"ஷீலா, நான் அங்க வந்தா வீட்டுக்குள்ளயே கெடப்பேனோன்னு எனக்கொரு பயம்."

மறுமுனையில் ஆட்களின் இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று ஃபோனை எடுத்துப் பார்த்தார். போகவில்லை.

"அதை அங்க வச்சே சொல்லியிருக்கலாமே" என்றாள் அவள்.

"வாயில வரல்ல."

"செரி. இப்பம் வந்துதே."

ஜூன் மாதம் வருகிறேன் என்றார். முதலில் கொஞ்ச நாள் இருந்து பார்க்கிறேன் என்றார். அவள் சந்தோஷம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டிக்கெட் எடுத்துவிட்டுச் சொல்லுங்கள் என்றாள். பத்து வருடமாக இரண்டு பேரும் மாறி மாறி எத்தனையோ ஜூன் மாதம் சொல்லியாயிற்று என்றாள். அதில் கோபம் இல்லை. உள்ளதைச் சொன்னாள். அவரும் மறுக்கவில்லை.

அவருக்குப் புரியாத பாஷையில் ஒலிபெருக்கி ஏதோ அறிவித்தது. போகட்டுமா என்று கேட்டாள். போ என்றார். அவள் போன பிறகும் ஃபோன் கொஞ்ச நேரம் கையில் சூடாக இருந்தது. சாரல் ஹாலுக்குள் அடித்துத் தரை நனைந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து போய்ப் பால்கனிக் கதவைச் சாத்தினார். பிறகு துணியை எடுத்து வந்து தரையைத் துடைக்கத் தொடங்கினார்.